வழிநூல் செய்யும் சிறுவர்கள்: ஸ்க்ராட்ச் என்னும் இணையக் களம்

'கேம்' என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் வீடுகளில் பெரியவர்களின் முகம் மாறிவிடும். "போனைப் பறிச்சு வைங்க", "கண்ணும் கெட்டு, படிப்பும் கெட்டுப் போகுது" என்று உம்மாவும் வாப்பாவும் அலுத்துக்கொள்வது அன்றாடம் நடப்பதுதான். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கேம் விளையாடும் பிள்ளை வேறு, கேம் செய்யும் பிள்ளை வேறு. முதலாவது பிள்ளை யாரோ போட்டுவைத்த பாதையில் ஓடுகிறது. இரண்டாவது பிள்ளை பாதையைத் தானே போடுகிறது. இரண்டு பேரும் ஒரே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் நின்று பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள் உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடும் இடங்களுள் ஒன்று ஸ்க்ராட்ச். கேம், கார்ட்டூன், கதை, இசை, வாழ்த்து அட்டை, வினாவிடை என்று எதை வேண்டுமானாலும் பிள்ளைகள் அங்கே கணினிக்குக் கட்டளை எழுதி உருவாக்குகிறார்கள். செய்ததை மற்றவர்கள் பார்க்க வைக்கிறார்கள். பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. பொழுதுபோக்காகத்தான் செய்கிறார்கள். அந்தக் கருவி எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது என்பதை இக்கட்டுரை சொல்லும். அதைவிட முக்கியமாக, அங்குள்ள சிறுவர்களுக்கு இடையே எழுந்த ஒரு வழக்கைப் பற்றியும் சொல்லும். "என்னுடையதை எடுத்து நீ செய்தால் அது யாருடையது?" என்பதுதான் அந்த வழக்கு. ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ளவேண்டிய வழக்கு அது.

ஆமையில் தொடங்கிய கதை

1967 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'லோகோ' என்ற கணினி மொழி உருவானது. வோலி ஃபொயர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் சேர்ந்து செய்தது. கணினி என்றால் ஓர் அறையை நிறைக்கும் இயந்திரம் என்று இருந்த காலம் அது. அதைச் சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டும் என்று பேசியவர்களைப் பலரும் விசித்திரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

சில ஆண்டுகளில் லோகோவுக்குள் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. "100 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு" என்று பிள்ளை கட்டளை கொடுக்கும். ஆமை போகும், போகும் வழியெல்லாம் கோடு விழும். அதே கட்டளையை நான்கு முறை கொடுத்தால் ஒரு சதுரம் கிடைக்கும். சதுரத்துக்கு நான்கு பக்கம், நான்கு செங்கோணம் என்று மனனம் செய்யத் தேவையில்லை. பிள்ளையே ஆமைக்கு அதைக் கற்பித்துவிட்டது. கணினி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பிள்ளை கணினிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்பதே பேப்பர்ட்டின் கொள்கை. தென்னாபிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர் அவர். ஜெனீவாவில் ஜீன் பியாஜேயுடன் சேர்ந்து பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்தவர். 1980 இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டோம்ஸ்' என்ற நூலில் தம் கருத்துகளை விரிவாக எழுதினார்.

அந்த நூலில் பேப்பர்ட் ஒரு கற்கும் இடத்தை உதாரணமாகக் காட்டுகிறார். அது பல்கலைக்கழகம் அல்ல, பாடசாலையும் அல்ல. பிரேசிலின் சம்பா நடனக் கூடம். அங்கே சிறுவர், முதியவர், புதிதாக வந்தவர், கைதேர்ந்தவர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். தெரிந்தவரைப் பார்த்துத் தெரியாதவர் ஆடுகிறார். வகுப்பு என்று தனியே ஒன்று இல்லாமலே கற்பித்தல் நடக்கிறது. கணினியைச் சுற்றியும் இப்படி ஒரு கூடம் உருவாகாதா என்பது அவருடைய ஏக்கம்.

அந்த ஏக்கத்தைப் பிற்பாடு கையில் எடுத்தவர்களில் ஒருவர் மிட்செல் ரெஸ்னிக். முன்பு பத்திரிகையாளராக இருந்தவர். பிறகு எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பேப்பர்ட்டின் வழியில் ஆய்வு செய்தார். 1993 இல் அவரும் நற்றலி ரஸ்க் என்பவரும் பொஸ்டன் நகரத்தின் கணினி அருங்காட்சியகத்தில் 'கம்பியூட்டர் கிளப்ஹவுஸ்' என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் வந்து கணினியில் தாம் விரும்பியதைச் செய்யலாம். அந்தப் பிள்ளைகளுக்குக் கேம் செய்ய ஆசை, கார்ட்டூன் செய்ய ஆசை. ஆனால் அதற்கு ஏற்ற இலகுவான கருவி இருக்கவில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் ஸ்க்ராட்ச். 2007 மே மாதம் அதன் இணையத்தளம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றும் இன்றும் இலவசம்.

பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. இசைத்தட்டை விரலால் முன்னும் பின்னும் தேய்த்து, ஒருவருடைய பாட்டோடு இன்னொருவருடைய பாட்டைக் கலந்து புதிய ஓசை எழுப்பும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேய்ப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். இருப்பதை எடுத்துக் கலந்து புதிது செய்வது என்ற எண்ணம் பெயரிலேயே வந்துவிட்டது.

கட்டைகளைக் கோத்தல்

செய்நிரல் எழுதுவது என்றதும் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் நிறைந்த ஒரு பக்கம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஒரு காற்புள்ளி தவறினால் முழுவதும் நின்றுவிடும் என்ற பயமும் சேர்ந்து வரும். ஸ்க்ராட்ச்சில் அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு கட்டளையும் நிறமுள்ள ஒரு கட்டை. அசைவுக்கு நீலம், தோற்றத்துக்கு ஊதா, தொடங்கும் நிகழ்வுக்கு மஞ்சள், கணக்குக்குப் பச்சை. விளையாட்டுக் கட்டைகளைப் போல ஒன்றை இழுத்து இன்னொன்றின் கீழே கோத்துவிடலாம். பொருந்தாத கட்டைகள் ஒட்டாது, அவ்வளவுதான். ஆகவே எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை என்ற பேச்சே எழாது. பிழை வந்தால் அது யோசனையில் உள்ள பிழையாகத்தான் இருக்கும். பிள்ளை திருத்தப் பழகவேண்டியதும் அதைத்தானே!

ஒரு சின்ன கேமை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து மாங்காய் விழுகிறது, கீழே உள்ள கூடையால் பிடிக்கவேண்டும். ஸ்க்ராட்ச்சின் மேடை 480 அலகு அகலம், 360 அலகு உயரம். நடுப்புள்ளிதான் பூச்சியம். வலப்பக்க விளிம்பு 240, இடப்பக்க விளிம்பு மறை 240. மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு மறை 180. முதலில் கூடை: பச்சைக் கொடியை அழுத்தியதும் அது மௌஸ் போகும் பக்கமெல்லாம் இடம் வலமாகப் போகவேண்டும். 'எப்போதும்' என்ற கட்டைக்குள் கூடையின் கிடை இடத்தை மௌஸின் கிடை இடத்துக்குச் சமமாக்கும் கட்டையை வைத்தால் முடிந்தது.

அடுத்தது மாங்காய். அதன் உயரத்தை ஒவ்வொரு முறையும் 5 அலகு குறைத்துக்கொண்டே போனால் அது விழும். கூடையைத் தொட்டால் புள்ளி ஒன்று கூடவேண்டும், மாங்காய் மறுபடி உச்சிக்குப் போகவேண்டும். எந்த இடத்திலிருந்து விழும்? மறை 240 முதல் 240 வரை ஏதாவதொரு எண்ணைக் கணினியையே எடுக்கச் சொல்லலாம். பிடிபடாமல் அடிக்குப் போய்விட்டால் உயிர் ஒன்று குறையவேண்டும். ஒரு டசின் கட்டைகளுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கேம் ஓடத் தொடங்கிவிடும்.

இதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மறை எண், ஆள்கூறு, மாறி, நிபந்தனை, மீளச் செய்தல், எழுமாறு எண். கணித பாடத்தில் "சேர், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் அதே பிள்ளைதான் இங்கே மாங்காய் ஏன் மேலே போகிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, ஐந்துக்கு முன்னால் மறைக்குறி போடாததைத் தானே கண்டுபிடிக்கும். தேவை வந்தபோது கற்ற பாடம் இலேசில் மறக்காது.

நுழைவதற்குத் தாழ்ந்த நிலம், எட்டுவதற்கு உயர்ந்த கூரை வேண்டும் என்று பேப்பர்ட் சொல்வார். அதாவது தொடங்குவது சுலபமாகவும் மேலே போகப் போக எல்லையில்லாமலும் இருக்கவேண்டும். ரெஸ்னிக் அதோடு அகன்ற சுவர்களும் வேண்டும் என்றார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வழியால்தான் ஏறவேண்டும் என்று இல்லை. கேமில் விருப்பம் இல்லாத பிள்ளை கதை செய்யட்டும், இன்னொரு பிள்ளை பூக்கோலம் வரையட்டும்.

உள்ளே பார், மாற்றிச் செய்

ஸ்க்ராட்ச்சை மற்றக் கருவிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது கட்டைகள் மட்டுமல்ல. அங்கே பகிரப்படும் ஒவ்வொரு ஆக்கத்தின் பக்கத்திலும் 'உள்ளே பார்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அந்த ஆக்கத்தின் கட்டைகள் முழுவதும் கண்முன் விரியும். எப்படிச் செய்தார்கள் என்ற இரகசியம் எதுவும் கிடையாது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தான், 'ரீமிக்ஸ்'. அதை அழுத்தினால் முழு ஆக்கத்தின் பிரதியொன்று உங்கள் கணக்குக்கு வந்துவிடும். மாங்காயைத் தேங்காயாக்கலாம், வேகத்தைக் கூட்டலாம், இரண்டாம் கட்டம் ஒன்றைச் சேர்க்கலாம், உங்கள் பெயரில் மறுபடி பகிரலாம். தளத்தில் பகிரப்படும் எல்லா ஆக்கங்களும் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வருவதால் இதற்குத் தடையில்லை. இரண்டு நிபந்தனைகள்தான்: மூலத்தைச் செய்தவரின் பெயரைச் சொல்லவேண்டும், நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதேபோல மற்றவர்களுக்குத் திறந்துவிடவேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலின் கருத்தை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவர் தாம் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துச் செய்வது வழிநூல். அதைக் களவென்று யாரும் சொல்லவில்லை, நூல் வகைகளில் ஒன்றாகத்தான் வைத்தார்கள். அதே சமயம் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டிய 8 விடயங்களில் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. யார் செய்தது, எதன் வழியில் வந்தது. இந்த இரண்டையும் சொன்ன பிறகுதான் மற்றவை. ஸ்க்ராட்ச் ரீமிக்ஸை வழிநூல் என்று சொன்னால் அதன் உரிமையும் கடமையும் இரண்டும் விளங்கிவிடும்.

இந்தப் பொத்தானைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்றால், நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2009 இல் எழுதிய கட்டுரையொன்றில், தளத்திலுள்ள ஆக்கங்களில் நூற்றுக்குப் 15 இற்கு மேற்பட்டவை ரீமிக்ஸ் என்று குறிப்பிட்டார்கள். 8 முதல் 16 வயது வரையானவர்களே அங்கு பெரும்பாலும் வருவதாகவும், அதிலும் 12 வயதினர் கூடுதல் என்றும் சொன்னார்கள்.

காலப்போக்கில் பிள்ளைகள் தாமாகவே புதுப்புது வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒருவர் ஓர் ஓட்டப்பந்தயப் படம் போட்டு "உங்களையும் சேருங்கள்" என்பார். அடுத்தவர் தன் பாத்திரத்தை வரைந்து சேர்ப்பார், அதற்கடுத்தவர் அதை எடுத்துத் தன்னுடையதைச் சேர்ப்பார். கடைசியில் ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகளின் ஊர்வலம் ஒன்று ஒரே படத்தில் ஓடும். இன்னொரு வழக்கம், ஒரு பாட்டைச் சில வினாடித் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டுக்குக் கார்ட்டூன் செய்து, ஒருவர் எல்லாவற்றையும் இணைத்து முழுப்படமாக்குவது. யார் எந்தத் துண்டு, எப்போது தரவேண்டும் என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். பேப்பர்ட் கேட்ட கூடம் ஏறக்குறைய இதுதான்.

"அவன் என்ட கேமைக் களவெடுத்துட்டான்"

ஆனால் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தளம் தொடங்கிய உடனேயே முறைப்பாடுகள் வரத் தொடங்கின. நாட்கணக்கில் இருந்து ஒரு பிள்ளை செய்த கேமை இன்னொரு பிள்ளை எடுத்து, நிறத்தை மட்டும் மாற்றித் தன் பெயரில் போட்டுவிடும். முதல் பிள்ளைக்கு அது அப்பட்டமான களவு. இரண்டாவது பிள்ளைக்கோ அது தளமே கொடுத்த உரிமை. எமது வகுப்பறையிலும் "சேர், இவன் என்ட படத்தைப் பார்த்துக் கீறிட்டான்" என்ற வழக்கு வாராவாரம் வருவதுதானே.

தளத்தை நடத்தியவர்கள் ஒரு வழி செய்தார்கள். ரீமிக்ஸ் செய்யப்பட்ட ஒவ்வொரு ஆக்கத்தின் பக்கத்திலும் மூலத்தைச் செய்தவரின் பெயரும் மூலத்துக்கான இணைப்பும் தானாகவே தோன்றும்படி அமைத்தார்கள். யாரும் மறக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. சச்சரவு இதோடு தீர்ந்துவிடவேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம்.

தீரவில்லை. ஸ்க்ராட்ச் இணையத்தளத்தை உருவாக்கிய அந்திரேஸ் மொன்ராய் ஹெர்னாண்டஸ் என்பவர் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 2011 இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். தளத்தின் தரவுகளைப் பார்த்தார்கள். 12 பேருடன் நீண்ட நேர்காணல் செய்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்: கணினி தானாகக் காட்டும் பெயரும் ரீமிக்ஸ் செய்த பிள்ளை தன் கையால் எழுதும் நன்றியும் ஒரே தகவலைத்தான் சொல்கின்றன. ஆனாலும் பிள்ளைகளின் மனதில் இரண்டும் ஒன்றல்ல. கணினி போட்ட பெயர் வெறும் பதிவு. "இது இன்னாருடைய கேமிலிருந்து எடுத்தது, அவருக்கு நன்றி" என்று இன்னொரு பிள்ளை எழுதினால் அது மரியாதை. பிள்ளைகள் எதிர்பார்த்தது மரியாதையை. அதை இயந்திரத்தால் கொடுக்க முடியவில்லை.

நின்று யோசிக்கவேண்டிய இடம் இது. அந்தப் பிள்ளைகள் தம் உழைப்பைப் பூட்டி வைக்கவேண்டும் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொள், ஆனால் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடு என்றுதான் கேட்டார்கள். பன்னிரண்டு வயதிலேயே ஒரு பிள்ளைக்கு இந்த நியாயம் விளங்குகிறது.

பார்த்துச் செய்தால் படிப்பு வருமா?

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. அடுத்தவருடையதை எடுத்து மாற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சொந்த மூளை வளருமா? எந்த ஆசிரியருக்கும் வரும் சந்தேகம்தான். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். விடைக்கு இரண்டு பக்கம் உண்டு.

2013 இல் வெளியான ஓர் ஆய்வு ஓர் இக்கட்டைச் சுட்டிக்காட்டியது. மிகப் புகழ்பெற்ற பிள்ளை ஒருவர் செய்த ஆக்கத்தை, அல்லது மிக எளிதாகவும் இல்லாமல் மிகக் கடினமாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும் ஆக்கத்தைப் பலரும் ரீமிக்ஸ் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்யப்படும் ரீமிக்ஸ்களில் புதுமை குறைவு. கூட்டம் கூடும் இடத்தில் சரக்கு மெலிகிறது என்று சொல்லலாம்.

2016 இல் வெளியான இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. அதிகமாக ரீமிக்ஸ் செய்யும் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலான கட்டளை வகைகளைக் கையாளுகிறார்கள். எத்தனை ஆக்கம் செய்தார்கள், எவ்வளவு கட்டை கோத்தார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் இருக்கிறது. ரீமிக்ஸ் மூலம் ஒரு புதிய உத்தியைக் கண்ட பிள்ளை, பின்னர் தன் சொந்த ஆக்கத்திலும் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண் எதுவும் இல்லை. பார்த்து எழுதிய ஒரு தாளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதில் புதிது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எழுதிய கை பழகிவிடுகிறது. கையெழுத்துப் பழகும்போது நாம் எல்லோரும் யாரோ எழுதிய எழுத்தின் மேல்தானே கோடு இழுத்தோம்.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

ஸ்க்ராட்ச்சில் சேரும் பிள்ளை தன் உண்மைப் பெயரைப் போடக்கூடாது, புனைபெயர் ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். முகவரி, தொலைபேசி இலக்கம், பாடசாலையின் பெயர் எதையும் அங்கே எழுத அனுமதியில்லை. ஒருவருக்கு ஒருவர் இரகசியமாகச் செய்தி அனுப்பும் வசதி அங்கு வைக்கப்படவில்லை. பேசுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கும். தகாத எழுத்தைக் கண்டால் முறையிடலாம், தளத்தினர் நீக்குவார்கள். இருந்தாலும் பிள்ளை என்ன செய்கிறது என்று இடையிடையே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. "எத்தனை பேர் இதயக்குறி போட்டிருக்காங்க" என்ற எண்ணிக்கை அங்கும் இருக்கிறது. அது தலைக்கேறினால் செய்யும் இன்பம் போய்விடும்.

வீட்டில் இணைய வசதி இல்லை என்பவர்களும் மனம் தளரவேண்டியதில்லை. கணினியில் ஒருமுறை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே இயங்கும் வடிவமும் உண்டு. அதில் மற்றவர்களின் ஆக்கங்களைத் தேடிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் தம் கோப்புகளைத் தமக்குள்ளே மாற்றிக்கொண்டு ரீமிக்ஸ் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஒரு கணினியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அதுவே ஒரு கூடம்.

பாடசாலைக்கு இதில் என்ன?

எங்கள் பாடசாலைகளில் 'பார்த்து எழுதுதல்' என்பதற்கு இரண்டு முகம் உண்டு. பரீட்சை மண்டபத்தில் அது பெருங்குற்றம், தண்டனை உண்டு. ஆனால் செயற்றிட்டம் என்று வந்துவிட்டால், கொமியுனிகேஷன் கடையில் பத்துப் பக்கம் அச்செடுத்து, அழகான அட்டை போட்டு, முதற்பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால் புள்ளி கிடைத்துவிடுகிறது. யார் எழுதியது என்று பிள்ளைக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஆக்கியோன் பெயரும் இல்லை, வழியும் இல்லை. அந்தப் பத்துப் பக்கத்தில் பிள்ளை சேர்த்தது அட்டை மட்டும்தான்.

பார்த்துச் செய்வதை ஒழிக்க முயல்வதில் பயனில்லை. பிள்ளைகள் அப்படித்தான் கற்கிறார்கள். நாம் மாற்றக்கூடியது நமது கேள்வியை. செயற்றிட்டத்தைக் கையில் வாங்கும்போது "இது உன்ட சொந்த வேலையா?" என்று கேட்டால் பிள்ளை "ஓம் சேர்" என்று தலையாட்டும். பொய் சொல்லப் பழக்குவது அந்தக் கேள்விதான். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: "யாரிட்ட இருந்து எடுத்தாய்? எடுத்ததில நீ என்ன சேர்த்தாய்?" முதற்கேள்விக்கு ஒரு பெயர் வரவேண்டும். இரண்டாவதற்கு ஒரு வரியாவது வரவேண்டும். முதலாவதைச் சொல்லப் பழகிய பிள்ளையிடம் நேர்மை வளரும். இரண்டாவதைச் சொல்லப் பழகிய பிள்ளையிடம் ஆக்கம் வளரும். இரண்டுக்கும் கணினி அவசியமே இல்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.